கொட்டகையில் இருக்கும் அடிச்சட்டம் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். அம்மா, "எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுது, போதும்" என்றாள். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அதை மட்டும் எழுதினால் அது அரை உண்மை.

உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கப்பலின் துருவைத் தட்டி உதிர்த்துப் பெயிண்ட் அடித்தால் தோள் என்ன பாடுபடும் என்று இப்போது எங்களுக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதுதான் செய்தி.

போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது, கொட்டகையில் நிற்கும் நம் பழைய வேனைப் பழைய இரும்புக் கடைக்காரருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். "அடிச்சட்டத்தைத் துரு தின்னுடுச்சு. இனி அது வண்டி இல்ல, வெறும் எடை" என்றீர்கள். அம்மா அப்போது உங்கள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே இருந்தாள். போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் "அவர் இன்னும் வரலைங்க" என்றாளே, அது பொய்யில்லை. ஆனால் இப்போது வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பியதே அவள்தான்.

காரணம் இது. அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்தில் விடுதிகளின் துணிகளை எடுத்துவரவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒரு வண்டி வேண்டுமாம். "உன்கிட்டதான் வேன் இருக்கே, நீயே ஓட்டேன்" என்று முதலாளியம்மா கேட்டிருக்கிறார். அம்மா யாருக்கும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கிவிட்டாள். எனக்கே பிறகுதான் தெரியும். உரிமத்தில் இருக்கும் படத்தில் யாரையோ திட்டப்போகிறவள் மாதிரி முறைக்கிறாள்.

மாமா தன் பட்டறை ஆட்களோடு வந்து வேனின் மேல்கூட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடிச்சட்டம் மட்டும் மரக்கட்டைகள் மேல் தனியாக நின்றது. பார்க்க ஒரு பெரிய ஏணியைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. மாமா சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும், கெட்ட இரும்பு தொப்பென்று சொல்லும். பின்சக்கரத்துப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் தொப்பென்றது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். மற்றதெல்லாம் மேல்துருதான் அப்பா. நீங்கள் அன்றைக்குத் தட்டிப் பார்க்கவில்லை, எட்டிப் பார்த்தீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பிறகு தினமும் சாயங்காலம் சுரண்டல்தான். செதில்செதிலாக வருவதைச் சுரண்டியால் எடுக்க வேண்டும், அப்புறம் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். இருந்தும் தும்மினால் செங்கல் நிறத்தில் வருகிறது. சட்டத்தின் உள்மடிப்புக்குள் பெரியவர்கள் கை நுழையாது, அது என் பங்கு. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். மாமா என்னைப் பார்த்து, "வாத்தியாரம்மா, சட்டத்துக்குப் பல்லு வெளக்கிவிட்டாச்சா? கொப்பளிக்கச் சொல்லு!" என்றார். இரும்பு வெள்ளியாகத் தெரிந்த அன்று அம்மா அதைத் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். கையெல்லாம் அழுக்காம்.

இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாள். ஆனால் முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சுரண்டி முடித்த சாயங்காலம் அம்மா வாளி வாளியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து சட்டம் முழுவதையும் கழுவினாள். நான் ஏன் என்று கேட்டதற்கு, "கப்பல்ல அப்படித்தான் செய்வாங்க. சுரண்டினதும் நல்ல தண்ணியில கழுவினாத்தான் பெயிண்ட் நிக்குமாம். உங்கப்பா சொல்லியிருக்கார்" என்றாள். கழுவிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனோம். காலையில் பார்த்தால் சட்டம் முழுக்க ஆரஞ்சுத் தூள்! யாரோ மசாலாப் பொடி தூவிய மாதிரி. ஒரே இரவில் அத்தனை வேலையும் போயிற்று. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். எனக்கும் வாளியைப் பார்த்தபோது தோன்றவில்லை.

மாமா வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, அங்க கடல் உப்பு படிஞ்சிருக்கும், அதுக்குக் கழுவுறாங்க. கழுவின கையோட காயவச்சுப் பூசிடுவாங்க. இங்க ஏது உப்பு? உன் சமையல்லயே கிடையாதே!" என்றார். அம்மா சிரிக்கவில்லை. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். அப்பா, நீங்கள் கப்பல் கதை சொல்லும்போதெல்லாம் அம்மா அந்தப் பக்கம் திரும்பித் துணி மடித்துக்கொண்டிருப்பாள். "உங்கம்மாவுக்கு இதெல்லாம் காதுல ஏறாது" என்று என்னிடம் சொல்வீர்கள். எல்லாம் ஏறியிருக்கிறது. ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இரும்புக் கடைக்காரர் வந்தார். ஆரஞ்சுத் தூளில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா இவ்ளோ பாடு?" என்றார். மாமா சுத்தியலை அவர் கையில் கொடுத்தார். அவர் தட்டினார். மறுபடி தட்டினார். பின்னால்வரை போய்த் தட்டிவிட்டு வந்து, "உசுரு இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருக்காரு, நானும் இரும்பு வெட்டுற ஆளுக்குச் சொல்லிவச்சுட்டேன். அவர் வாயால வேணாம்னு சொல்லட்டும், விட்டுடறேன். இல்லேன்னா மாசக் கடைசியில வெட்ட வருவேன். என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார். அவர் பேசியதில் தவறில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அவர் போனதும் மாமா, "அத்தான் போன் பண்ணும்போது சொல்லிடு அக்கா" என்றார். அம்மா, "அவர் வண்டி, அவர் முடிவு. நான் கெஞ்ச மாட்டேன்டா. கேட்டு வாங்கினா அது இரக்கம். அவருக்கே தோணணும்" என்றாள். "அவருக்கே எப்படித் தோணும்? நடுக்கடல்ல கனவா வரும்?" என்று மாமா கேட்டார். அம்மா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுபடியும் முழுவதையும் தேய்த்தோம். இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, வெயில் இறங்குவதற்குள் செங்காவி நிறத்து முதல் பூச்சை அடித்துவிட்டோம். அது நன்றாகக் காய்ந்தபின் இன்றைக்குக் கறுப்பு. உள்மடிப்பு முழுக்க நான் பூசியது. பட்டை பட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் விட்டுப்போன இடம் இல்லை. கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன்.

பூசும்போது மாமா வம்புக்கு, "டிரைவரம்மா, முதல் சவாரி எங்க? துணிமூட்டைக்கா?" என்று கேட்டார். அம்மா பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துக்கொண்டே இருந்தாள். "துறைமுகத்துக்கு" என்றாள். "அங்க என்ன ஏத்த?" என்றார் மாமா. "போகும்போது காலி வண்டிதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டத்துக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

அப்பா, அம்மா கெஞ்ச மாட்டாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதம் கம்பெனி ஆபீஸ் வழியாக அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வரும். வந்ததும் வழக்கம்போல முதலில் எங்களைக் கூப்பிடாதீர்கள். கடைக்காரரைக் கூப்பிடுங்கள். எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாங்கள் காத்திருப்போம், எங்களுக்குப் பழக்கம்தான். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும்போது மேல்தளத்து ஓரத்தில் நிற்காதீர்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இன்னும் ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் அம்மா கொட்டகையிலிருந்து வந்து, "தூங்கு" என்று கறுப்புப் பெயிண்ட் ஒட்டிய விரலாலேயே என் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டாள். ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் இவ்வளவுதான் முடிகிறது.

என்றும் உங்கள் அன்பு மகள்