கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

வின்னிபெக், கனடா,
ஜனவரி 14

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

லூர்டிலின் எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

திங்களன்று கார் கிளம்பவில்லை. எங்கள் கிடங்கு வரை பேருந்து போகாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, உறைய வைக்கும் பனியில் சாலையோரமாகக் கொஞ்சம் நடந்தேன். பயப்படாதீர்கள், முடிந்த கதைதான். இன்னொரு நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்றிருந்த நிலை. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் மேற்பார்வையாளர் டோரீன்!

“சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலியா? ஏறு சீக்கிரம்!” என்று கத்தினார். தொலைந்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும், “கார் இல்லேன்னா ஒரு போன் பண்ண மாட்டியா? நாளைலருந்து என்கூடவே வந்துடு” என்றார்.

அன்றுதான் அம்மா, நன்றாகத் தூங்கினேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இரண்டு பொட்டலம். இங்கே தனியாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது டோரீனும் ருசி பார்க்கிறாராம்.

வாசலில் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
லூர்டிலின்