பாதியில் நின்ற பாங்கு

அன்பு மகளுக்கு உன் அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய், எழுதாவிட்டால் பிள்ளை பெற்ற உடம்போடு நீ உட்கார்ந்து அழுவாய், அதனால் இருக்கிறோம் என்று வைத்துக்கொள். ஃபோனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைக்காதே. இருப்பது ஒரு கூடம், ஒரு அடுப்படி, வாசல் கதவில் சுகாதாரத்துறை ஸ்டிக்கரை ஒட்டி எங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள், நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அத்தா காதில் விழும். அவர் காதில் விழக் கூடாத பேச்சு இது. எழுதி ஜன்னல் கம்பி வழியாகக் காட்டினால் பக்கத்து வீட்டு மருமகள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். முழுசும் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், அவளைத் தெரியாதா எனக்கு, படித்தால் படிக்கட்டும்.

நீ அழுதுகொண்டே பேசி அனுப்பியதை ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டேன். பிறந்த பேத்தி காதில் ஃபோன் வழியாகப் பாங்கு சொல்ல ஆரம்பித்த அத்தா பாதியில் ஃபோனை வைத்துவிட்டார், பொட்டப் புள்ளைங்கிறதால அவருக்கு மனசு ஒப்பலையோன்னு உன் மாமியார் கேட்டதாகவும், உனக்கும் அப்படித்தான் தோன்றுவதாகவும் சொல்லியிருந்தாய். உன் மாமியார் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை, நீ நினைத்தாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் உன்னை வாங்கிக்கொண்டு, பள்ளிவாசல் மைக் முன்னால் நிற்கிற நினைப்பில் அவர் போட்ட சத்தத்தில் வார்டே விழித்துக்கொண்டது. ஒரே ஒரு காதுக்குத்தானே சொல்றீங்க, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கன்னு நர்ஸ் வந்து திட்டினாள். பொம்பளைப் பிள்ளை என்று முகம் சுளிக்கிற மனுஷன் அப்படியா சொல்லுவார்?

நடந்தது என்ன என்று சொல்கிறேன். நோய் வந்து பள்ளிவாசலைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினோம். மோதினார் என்பதால் உன் அத்தா மட்டும் உள்ளே போய் பாங்கு சொல்லலாம், சனம் சேரக் கூடாது. தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கிற இடத்தில், வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று மாற்றிச் சொல்ல வேண்டும், ஆபத்துக் காலத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று தொழவைக்கிற ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு வந்து உன் அத்தா சாப்பாட்டில் கை வைக்கவில்லை, இத்தனை வருஷமா வா வான்னு கூப்பிட்ட வாயால வராதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் என்றார். நான்தான், சோறு என்ன பாவம் பண்ணுச்சு, சாப்பிடுங்க என்று அதட்டினேன். அப்புறம் பழகிவிட்டது, பழகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஒரு நாள் விடிகாலை சுபுஹு பாங்கு. தூக்கம் சரியில்லை, காய்ச்சல் வந்து போன உடம்பு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார், நாக்கு பழைய தடத்திலேயே போய்விட்டது. தொழுகைக்கு வாருங்கள் என்றே சொல்லிவிட்டார். எனக்குப் படுக்கையில் கேட்டது மகளே, கேட்டதும் நானும் சந்தோஷம்தான் பட்டேன், தடையை எடுத்துவிட்டார்கள் போல என்று. நமக்கெல்லாம் சட்டம் மாறினால் பேப்பரில் வருவதற்கு முன்னால் பாங்கில்தானே தெரியும். அப்படி நினைத்து எழுந்து போனவர்களில் நம் டெய்லர் மாமா முதல் ஆள். கடைக்குப் பின்னாலேயே ஒற்றை ஆளாகக் கிடந்த மனுஷன், அவரிடம் டிவியும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை, கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறார், போகிற வழியில் நாலு கதவைத் தட்டி, திறந்துட்டாங்க வாங்கடா என்றும் சொல்லியிருக்கிறார். உன் அத்தா வெளியே வந்து பார்த்தால் வாசலில் ஏழெட்டுப் பேர், சிலர் கைகால் கழுவி ஒளு செய்யக்கூட உட்கார்ந்துவிட்டார்கள். போங்க போங்க, தப்பாச் சொல்லிட்டேன் என்று இவர் கையெடுத்துக் கும்பிடுகிறார், அவர்கள் வேடிக்கை பண்ணுகிறார் என்று சிரிக்கிறார்கள். அதற்குள் எதிர் மாடியிலிருந்து யாரோ படம் பிடித்தாயிற்று.

மதியத்துக்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது. ரகசியமாகக் கூடுகிறார்கள், வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். உன் அத்தா கும்பிடுகிற இடத்தை வெட்டிவிட்டு, சிரிக்கிற இடத்தை மட்டும் வைத்திருந்தார்கள். போலீஸ் வந்தது, எல்லாரையும் வண்டியில் ஏற்றியது. வண்டியில் போகும்போது டெய்லர் மாமா இருமித் தொலைத்தார். அது துணித்தூசி இருமல், நீ பாவாடை தைக்கக் கொடுக்கிற காலத்திலிருந்தே அவருக்கு இருக்கிறதுதான், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு நின்றவர்களுக்கு யார் சொல்வது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிக் கதவில் இந்த ஸ்டிக்கரை ஒட்டினார்கள், அவரை ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் நோயாளிகளோடு வைத்தார்கள். தெரு இரண்டு பக்கமும் தகரம் அடித்தார்கள். பால்காரர் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே எறிந்துவிட்டு ஓடுகிறார். மருந்துக்கடையில் நம் தெருப் பெயரைச் சொன்னாலே மாத்திரை தீர்ந்துபோகிறது. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மூலைவீட்டு டீச்சர் ஃபோன் பண்ணி, டெய்லர்கிட்ட என் ரவிக்கைத் துணி கிடக்கு, கிடைக்குமான்னு கேட்டார், அப்புறம் அவரே, வேண்டாம், கொளுத்திரச் சொல்லுங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை மகளே, பயந்துவிட்டார். நல்லவர்கள் பயந்தால் யாரிடம் போய் நிற்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

போகும்போது நோய் இல்லாத டெய்லர் மாமாவுக்கு அங்கே போய் நோய் பிடித்தது. உன் அத்தா ஹாஸ்டல் நம்பருக்கு ஃபோன் பண்ணிப் பண்ணிப் பார்த்தார், நீங்க யாரு, சொந்தமா என்று கேட்பார்கள், கூட்டாளி என்பார், வைத்துவிடுவார்கள். ஒரு நாள் தம்பி என்று பொய் சொன்னார், அன்றைக்குத்தான் சொன்னார்கள், மவுத்தாகி முந்தாநாளே எடுத்தாகிவிட்டது என்று. நம் கபர்ஸ்தானுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், சுற்றிக் குடியிருப்பவர்கள் வண்டியை மறித்திருக்கிறார்கள், திருப்பி எங்கோ கொண்டுபோய் அடக்கியிருக்கிறார்கள், எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. இந்தத் தெருவில் யார் வீட்டில் மவுத் என்றாலும் கஃபன் துணியை அளந்து வெட்டிக் கொடுத்தவர் அவர், கூலி என்று பேச்செடுத்தால் கத்தரிக்கோலைக் காட்டி விரட்டுவார், அவரைக் குளிப்பாட்டாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினார்களாம். உன் அத்தா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், முகத்தை மேற்கே கிப்லா பக்கம் திருப்பி வெச்சிருப்பாங்களா என்று. வெச்சிருப்பாங்க என்றேன். எனக்கு என்ன தெரியும்.

அதிலிருந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற பேச்சே அவரிடம் இல்லை. ஸ்டிக்கரை எடுத்தாலும் போகமாட்டேன் என்கிறார். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் தன் ஃபோனில் யாரோ சொன்ன பாங்கைப் போட்டு மைக்கில் பிடிக்கிறார், ஒரு நாள் சாயங்கால அசர் பாங்குக்கு நடுவில் அவர் மச்சான் கூப்பிட்டு, ரிங்டோன் தெரு முழுக்கக் கேட்டது. வேறு நாளாக இருந்தால் உன் அத்தா வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம்தான் உனக்குப் பிள்ளை பிறந்தது. செய்தி கேட்டு அவர் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பேத்திக்கு நான்தான் சொல்லுவேன் என்று அவரே ஒளு செய்து, பெருநாள் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றார், நான் ஃபோனைப் பிடித்திருந்தேன். நீ அந்தப் பக்கம் பிள்ளையின் வலது காதில் வைத்திருந்தாய். குரல் நன்றாகத்தான் வந்தது. தொழுகைக்கு வாருங்கள் என்கிற இடம் வந்ததும் வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. நீ ஹலோ ஹலோ அத்தா என்கிறாய். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஃபோனை நான்தான் வைத்தேன் மகளே, அவர் வைக்கவில்லை. நான் வான்னு கூப்பிட்டா வர்றவங்களுக்கு என்ன ஆவுதுன்னு பாத்தியா, இந்தப் பச்ச மண்ண எப்படி வான்னு கூப்பிடுவேன் என்று அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்க கூப்பிட்டது அல்லாஹ்வோட வீட்டுக்குத்தானே என்றேன். அவர் பெருநாள் சட்டையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார்.

உன் மாமியாரிடம் இதை அப்படியே சொல்லு, மறைக்க வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளையைக் கண்ட சளிக்காரர்களிடம் கொடுக்காதே. பேத்தி நூறாண்டு இருக்க, உன் மடியும் மனசும் குளிர, தினமும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

மறக்காமல் ஒன்று செய். மீதிப் பாங்கை மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்லு, முதலிலிருந்தே சொல்லட்டும், பிள்ளை காதில் அது பாதியாக நிற்க வேண்டாம். சொல்லும்போது எனக்கு ஃபோன் போட்டு, பேசாமல் பக்கத்தில் வைத்துவிடு. நான் சத்தத்தைக் கூட்டி அவர் பக்கத்தில் வைக்கிறேன். அவர் கேட்பாரோ, எழுந்து போய்விடுவாரோ தெரியாது. போனாலும் அடுப்படி வரைக்கும்தான் போக முடியும், கதவில் ஸ்டிக்கர் இருக்கிறது.

உன்னையும் பேத்தியையும் பார்க்கக் கண் தேடும்,
உன் அம்மா