எதை வைத்து நிற்கும்?

ஃப்ளின்ட், மிச்சிகன்
அக்டோபர் 11, 1992

அன்புள்ள மார்லா,

நம் மகள் டார்சி சுகம். பள்ளிக்கூடம், பாஸ்கெட்பால், மிச்ச நேரத்தில் என்னோடு வாக்குவாதம். நீ வேலைக்காக வடக்கே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. யாராவது கேட்டால், "அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, எனக்கு ரெண்டு பேரோடயும் ஒத்துவருது" என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்கிறாள்.

அவள் சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அறுபத்தெட்டாம் வருஷத்தது, இரண்டு கதவு. நாம் படித்த காலத்தில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டார்களே, அந்த ரகம். இப்போதைக்குத் துருவும் எலிக்கூடும்தான். நிதானமாகச் சரிபண்ணி, டார்சிக்குப் பதினாறு வயதாகி லைசன்ஸ் கிடைக்கிற அன்றைக்கு அவள் கையில் கொடுக்கப்போகிறேன். வாக்குக் கொடுத்தாயிற்று. "ஏமாத்துனா காத அறுத்துருவேன்ப்பா" என்கிறாள்.

திட்டுவதாக இருந்தால் கொஞ்சமாகத் திட்டு.

க்ளென்

மார்க்கெட் நகரம், மிச்சிகன்
நவம்பர் 2, 1992

க்ளெனுக்கு,

உன் கடிதத்தை நின்றபடி பிரித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துவிட்டதா? அவசர சிகிச்சைப் பிரிவில். வெள்ளிக்கிழமை ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி எடுப்பது என் வேலை. போன வாரம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஜாக்கெட் முதுகில் இருந்தது டார்சியின் பாஸ்கெட்பால் எண். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள்.

வண்டி உனக்கு என்றால் தாராளமாகச் சரிபண்ணு. பிள்ளைக்கு யாரோ கிழவி ஓட்டிக் கழித்த நாலு கதவு வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடு. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை போட்டு எழுதத் தெரியவில்லை.

மார்லா

ஃப்ளின்ட்
ஜூலை 17, 1994

அன்புள்ள மார்லா,

வண்டி ஓடுகிறது. நான்கூட எதிர்பார்க்கவில்லை.

பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய வண்டியின் எஞ்சினை வாங்கி, சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றி இறக்கியிருக்கிறோம். முன்பு இருந்ததற்கு இரண்டு மடங்கு சக்தி. வயரிங் முழுக்க உன் மகள் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை சாவியை எங்கேயோ வைத்துவிட்டு நான் வீடெல்லாம் தேடுகிறேன். இவள் ஒரு துண்டுக் கம்பியும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப்போய் ஏதோ தொட்டாள், எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. எதிர்வீட்டில் இருக்கும் என் சிநேகிதன் பக்கி காப்பிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டான். "ஒம் பொண்ணு கார் திருடப் போனா கோடீஸ்வரிடா" என்றான். நான் சிரித்த சிரிப்பில் விலா வலித்தது.

நீயும் இருந்திருக்கலாம்.

க்ளென்

மார்க்கெட்
ஜூலை 25, 1994

க்ளென்,

இரண்டு மடங்கு சக்தியோடு ஓடும். சரி. எதை வைத்து நிற்கும்?

மார்லா

ஃப்ளின்ட்
ஏப்ரல் 14, 1996

அன்புள்ள மார்லா,

இரண்டு வருஷமாக நீ கேட்கும் கேள்விக்கு நான் சுற்றி வளைத்தே பதில் எழுதிவந்தது உண்மை. நேராகச் சொல்கிறேன். நான்கு சக்கரத்திலும் இருப்பது பழைய டிரம் பிரேக்தான். முன்சக்கரங்களுக்கு வலுவான டிஸ்க் பிரேக் போட வேண்டும், போடுவேன். ஆனால் இங்கே வண்டி சரிபண்ணுகிற யாரைக் கேட்டாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் எஞ்சின், பிறகு கியர்பாக்ஸ், பிறகு பெயிண்ட், கடைசியில் பிரேக். சனிக்கிழமைக் கண்காட்சியில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்து வைக்கிறார்களே, அங்கே எஞ்சினைப் பார்க்கத்தான் கூட்டம் குனிகிறது. பிரேக்கைப் பார்க்க எவனும் சக்கரத்துக்குக் கீழே படுப்பதில்லை. போதாக்குறைக்கு, அசல் டிரம் மாற்றாமல் அப்படியே இருந்தால் அங்கே கூடுதல் மதிப்பெண்.

கருநீலப் பெயிண்ட் அடித்தாயிற்று. டார்சி அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறாள்.

க்ளென்

மார்க்கெட்
மே 5, 1996

க்ளெனுக்கு,

அடுத்த மாதம் அவளுக்குப் பதினாறு. இங்கே தொலைபேசி ஒலித்தால் எடுப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

நீ கெட்ட தகப்பன் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறாய். என் பயமே அதுதான், அவள் ஆசைப்பட்டுக் கேட்டால் உனக்கு இல்லையென்று சொல்ல வராது. பழியை என்மேல் போட்டுவிடு. அம்மாதான் விடமாட்டேன் என்கிறாள் என்று சொல். என்னை வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

மார்லா

ஃப்ளின்ட்
ஜூன் 12, 1996

மார்லா,

சனிக்கிழமை டார்சிக்கு லைசன்ஸ் கிடைத்தது. அதற்கு முந்தின நாள் நான் தனியாக வண்டியை எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை பிரேக் அழுத்தினேன், நன்றாகவே பிடித்தது. கீழே ரயில்பாதை வருகிறது, அங்கே கேட் கிடையாது. மறுபடி அழுத்தினேன். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. சூடேறிய டிரம் வெறுமனே வழுக்குகிறது. தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த்தான் நின்றேன். ரயில் வரவில்லை, அவ்வளவுதான்.

டார்சியிடம் இதைச் சொல்லவில்லை. நாலு வருஷம் என்னோடு சேர்ந்து கை கிழிய வேலை செய்த பிள்ளை, மனசு விட்டுப்போகும். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். "பெயிண்ட் ஏப்ரல்லயே காஞ்சிருச்சேப்பா" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

உறைக்குள் இருப்பது வண்டியின் சாவி. இருப்பது இது ஒன்றுதான். சாவி உன்னிடம் இருக்கும்வரை வண்டி நகராது. இனி நிம்மதியாகத் தூங்கு.

க்ளென்

மார்க்கெட்
ஜூன் 15, 1996

க்ளென்,

சாவி வந்தது. கையில் வாங்கியதும் அப்பாடா என்றிருந்தது. காப்பி போடப்போனேன், தண்ணீர் கொதிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

துண்டுக் கம்பி. ஸ்க்ரூடிரைவர். நீயே எழுதினாய், விலா வலிக்கச் சிரித்தேன் என்று. அந்த வண்டிக்குச் சாவி அவள் கை. அதைத் தபாலில் அனுப்ப முடியுமா?

தொலைபேசியில் அழைத்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய், அவள்தான் எடுத்தாள். என்னவென்று கேட்பது? நான் கேட்டால் அதுவே வழி சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். "ம்" என்றாள். அவள் ஒரு சொல்லில் பதில் சொல்கிறவளா? நீ வந்ததும் அழைக்கலாம் என்றால் அவள் பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் அவள் கண்ணில் படாமல் இந்தக் கடிதத்தை பக்கி வீட்டு முகவரிக்கு, மறுநாளே சேரும் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் கராஜுக்குப் போய்ப் பார். ஓடு.

மார்லா

ஃப்ளின்ட்
ஜூன் 18, 1996

அன்புள்ள மார்லா,

பக்கி வீட்டு வாசலிலேயே நின்று படித்துவிட்டு ஓடினேன். வண்டி இருந்தது. மேலே போர்த்திய துணி கலையவில்லை. ஒரு நிமிஷம் உன்மேல் கோபம்கூட வந்தது. பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயர் பள்ளத்தில் வெள்ளைச் சரளைக்கல் மாட்டியிருந்தது. அன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் டயரைக் கழுவித் துடைத்தவன் நான். அந்தக் கல் எங்கள் தெருவில் கிடையாது. தண்டவாளத்து ஓரத்தில் கிடக்கிற கல் அது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டார்சி வந்து வாசலில் நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்பதைப் பார்த்தாள்.

"எத்தன தடவ எடுத்த?"

"மூணு."

அப்புறம் அவளாகவே சொன்னாள். "கடைசி தடவ நிக்கலப்பா. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன். ரயில் வந்துட்டிருந்துச்சு. அப்படியே சரளையில திருப்பிட்டேன்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நாலு வருஷமா எனக்காகப் பண்ணியேப்பா. நிக்கலன்னு சொன்னா நீ ஒடஞ்சு போயிருவ."

நான் அவளிடம் சொல்லாததற்கும் அதே காரணம்தானே, மார்லா? அவள் மனசு நோகக்கூடாது என்று நானும், என் மனசு நோகக்கூடாது என்று அவளுமாகச் சேர்ந்து பிள்ளையை ரயிலுக்குக் கொடுக்கப் பார்த்தோம். என் விஷயத்தையும் சொன்னேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். குழந்தையில்கூட அப்படி நடுங்கிப் பார்த்ததில்லை. இந்த இரண்டு ராத்திரியும் தூரத்தில் ரயில் ஊதியபோது எங்கள் இரண்டு அறையிலும் விளக்கு எரிந்தது.

சாவியை வைத்து அந்த வண்டியை நிறுத்த முடியாது என்றாய். சரிதான். நேற்று நானும் அவளுமாகச் சக்கரம் நாலையும் கழற்றிவிட்டோம். வண்டி இப்போது மரக்கட்டைகள்மேல் நிற்கிறது. சக்கரங்கள் என் டிரக்கில் ஏறிவிட்டன. சனிக்கிழமை ஏரிப் பாலம் தாண்டி வடக்கே கொண்டுவருகிறோம். உன் வீட்டில் இடம் ஒதுக்கி வை. புது பிரேக் போட்ட பிறகு நீ வந்து உன் காலால் அழுத்திப் பார். அதுவரை அவை உன்னிடமே இருக்கட்டும். அதற்குப் பிறகும் கொடுக்க மனசு வராவிட்டால் வைத்துக்கொள், நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

டார்சி உன்னைப் பார்த்ததும் அழுவாள். எதுவும் கேட்காதே, முதலில் அவளைக் கட்டிக்கொள். என்னை அப்புறம் திட்டலாம், நான் டிரக்கிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

க்ளென்