தை பதினாறும் மகரம் பதினாறும்

உ

வலியசாலை, திருவனந்தபுரம்.
கும்பம் 6, மாசி 6, பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.
(மூன்றும் சரிபார்த்தது.)

அன்புள்ள மகன் ஸ்ரீகண்டனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மை, தங்கை ஜெயலக்ஷ்மி, கன்று ஈன்று பதினொரு நாளான நம் பசு உட்பட எல்லோரும் பத்மநாபசுவாமி புண்ணியத்தில் சுகம். பட்டணத்தில் நீயும் உன் வயிறும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுதவும். வயிற்றைத் தனியாக விசாரிக்கச் சொன்னது உன் அம்மை, அவளுக்கு ஓட்டல் சாப்பாட்டில் நம்பிக்கை கிடையாது. கடிதத் தலைப்பில் மூன்று தேதி போட்டிருப்பதைப் பார்த்து அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயப்படாதே, அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஜெயலக்ஷ்மிதான் உரக்கப் படித்தாள். சபா காரியதரிசி உன் விண்ணப்பத்தை இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பியது, சுற்றுப்பயணத்துக்கு உன்னை அழைத்துப் போவதாகச் சொன்ன பாடகர் ரயிலேறும் அன்று வேறு ஒரு வயலின்காரரோடு ஏறியது, கிராமபோன் கம்பெனியில் நீ ஒரு நிமிஷம் வாசித்ததும் போதும் என்று சொன்னது, எல்லாம் கேட்டோம். ஒரு நிமிஷத்தில் ஒரு தோசையைக்கூடத் திருப்பிப் போட முடியாது, இவர்கள் ஒரு மனுஷனின் வித்தையை அளந்துவிட்டார்களாம்! எனக்கு வந்த கோபத்தில் வெற்றிலைப் பெட்டியைத் தேடினேன், அது என் மடியிலேயே இருந்தது. கடைசியில், வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், காகிதக் கம்பெனியில் குமஸ்தா வேலை சித்திரை முதல் கிடைக்கிறது, இனி வயலினைத் தொடுவதாக இல்லை, சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அந்த இடம் வந்ததும் ஜெயலக்ஷ்மியின் குரல் தாழ்ந்துவிட்டது. உன் அம்மை பசுவைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து போனாள். கன்று குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, பார்க்க அங்கே ஒன்றுமில்லை. நீ கேட்டது ஒரு வரி, ஆனால் எனக்கு ஒரு வரியில் எழுத வராது என்பது உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

முதலில் ஒரு ரகசியம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அடிக்கடி அம்மைக்குப் பிச்சிப்பூ வாங்கி வருவேனே, நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு அம்மை மேல் என்ன பிரியம் என்று நீயும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். பிரியம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பூ வாங்கிய காரணம் வேறு. பாடுவதற்கு இடம் கேட்டுப் போய், இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய எனக்குக் கூச்சம். சாரீரம் தடிப்பு என்று ஒரு சபாவில் சொன்னார்கள், ராஜா வேஷத்துக்கு உயரம் போதாது என்று ஒரு நாடகக் கம்பெனியில் சொன்னார்கள், நான் பாட்டுக்காகத்தான் வந்தேன், ராஜாவாக வரவில்லை என்றேன், அதற்கும் உயரம் போதாது என்றார்கள். அப்படியான நாட்களில் சாலைக் கடைத்தெருவில் தோவாளையிலிருந்து வந்து இறங்கும் பிச்சிப்பூவில் இரண்டு முழம் வாங்கிக்கொள்வேன். கையில் பூ இருந்தால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் அல்லவா. இருபத்தாறு வருஷம் இப்படி உன் அம்மையை ஏமாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். அந்தப் பெருமை போன மாதம் போயிற்று. எப்படி என்றால், வித்துராவுக்குப் பாடப் போனதால்.

சாலைக் கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருக்கும் குற்றாலலிங்கத்தை உனக்குத் தெரியும், தென்காசிப் பக்கத்து மனுஷர். மலையில் இருக்கும் தோட்டங்களுக்கு அரிசி அனுப்ப வித்துராவிலும் கடை போட்டு, இப்போது குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். மகள் பொன்னம்மையின் கல்யாணம், தை பதினாறாம் தேதி சாயங்காலம் கச்சேரி, கட்டாயம் வரவும் என்று எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு என்னைத் தேடி வந்த முதல் கார்டு அது, அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உன் அம்மையைக் கேள். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது மலையாளப் பஞ்சாங்கம். தை என்றால் மகரம், மகரம் என்றால் தை, மூன்று தலைமுறையாக நாம் இங்கே அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மகரம் பதினாறைப் பார்த்தேன், வியாழக்கிழமை, நல்லது என்று பென்சிலால் கோடு போட்டேன். ஆனால் இந்த வருஷம் சூரியன் மகரத்தில் புகுந்தது நடுப்பகல் தாண்டி. பாண்டிக்காரர்களுக்கு, அதாவது தென்காசிப் பக்கத்துத் தமிழர்களுக்கு, அன்றைக்கே தை ஒன்று, மலையாளத்தாருக்கு மறுநாள்தான் மகரம் ஒன்று. ஆகவே தை பதினாறு புதன்கிழமை. நான், வயலின் அழகியநம்பி, மிருதங்கம் பிச்சுமணி ஐயர் மூன்று பேரும் சரிகைத் துண்டும் சந்தனமுமாக நெடுமங்காடு வழியாக பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போய் இறங்கினால், பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைமரம் பாதி மாட்டின் வாயில் இருக்கிறது. பெண்ணை அன்று காலையில்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

குற்றாலலிங்கம் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணம் நேத்தே முடிஞ்சுட்டுவே. இன்னைக்கு யாருக்குப் பாடப்போறீரு?” என்றார். நாங்கள் வராததால் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கிராமபோன் பெட்டியை வாங்கி வந்து, இருந்த ஒரே தட்டை ஏழு தடவை வைத்தார்களாம், எட்டாம் தடவை சம்பந்தி வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். நான் தேதி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அழகியநம்பிக்கு மூக்கு சிவந்துவிட்டது. தேதி பார்க்கத் தெரியாத ஆளோடு இனி ஒரு மேடையிலும் உட்காரமாட்டேன் என்று சொல்லி வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, மக்கா. எத்தனையோ பேர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வேண்டும் என்று கூப்பிட்ட இடத்திலும் நானே போய் இப்படி நிற்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. பிச்சிப்பூ வித்துராவில் எங்கே கிடைக்கும் என்றுகூட யோசித்தேன். அப்போது குற்றாலலிங்கத்தின் பெண்டாட்டி பிச்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். மகளை அனுப்பிவிட்டுக் காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷனைப் பார்த்து, “நாங்க பாடச் சொல்லுதோம். நேத்துப் பூரா அடுப்படியிலயும் பந்தியிலயும் கெடந்தோம். இன்னைக்குத்தான் எங்களுக்குக் கல்யாணம்” என்றாள். ஒரு ஜமக்காளத்தைக் குற்றாலலிங்கமே கொண்டுவந்து விரித்தார்.

அந்த மாதிரி ஒரு கச்சேரியை நான் என் ஆயுளில் பாடியதில்லை. கல்யாணத்தன்று பாடினால் யார் கேட்பார்கள், சொல்லு. ஒருவர் பந்தி போட்டாச்சா என்பார், ஒருவர் மோதிரத்தைத் தேடுவார், நாம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்போம். இங்கேயானால் எல்லோரும் களைத்துப்போய், செய்ய ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் பெண்கள் ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தார்கள். பிச்சம்மாள் ஒரு பாட்டில் அழுதாள், அடுத்த பாட்டில் சிரித்தாள். பிறகு பெண்கள் சேர்ந்து அவர்கள் ஊர் நலுங்குப் பாட்டு ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்து, நான் தப்பாகப் பாடப் பாடத் திருத்தி, ஒரே ஆரவாரம். பிச்சுமணி ஐயர் இரண்டு பழம் தின்று ஒரு செம்புப் பாலும் குடித்துவிட்டு விளக்கு வைக்கும் வரை கை ஓயாமல் வாசித்தார். தேகண்டக்காரர் சிவதாணு, அவர்தான் கல்யாணச் சமையலுக்குத் தலைவர், பாயசம் காய்ச்சும் பெரிய வார்ப்பைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, தாளம் பிசகாமல் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, “முப்பது வருசமா கல்யாண வீட்டுல பாட்டு நடக்கது எனக்குத் தெரியும். என்ன பாட்டுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றார். எந்த சபாவிலும் யாரும் எனக்கு இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இனி வேடிக்கையைக் கேள். கல்யாண வீட்டார் நாள் குறித்ததும் முதலில் ஓடுவது தேகண்டக்காரரிடம். அவருக்கு அன்று தோது இல்லையென்றால் நாளையே மாற்றிவிடுவார்கள். அடுப்பு எத்தனை, விறகு எவ்வளவு என்று பேசி முடித்ததும், பாட்டுக்கு யாரைக் கூப்பிடலாம் என்றும் அவரிடமே கேட்பார்களாம். இது தெரியாமல் நான் இத்தனை வருஷம் காரியதரிசிகள் வீட்டு வாசலில் செருப்பைத் தேய்த்திருக்கிறேன்! இனி என்னிடம் கேட்பவர்களுக்கு உங்களைத்தான் சொல்வேன் என்று சிவதாணு அன்றே வாக்குக் கொடுத்தார், அதில் தவறவில்லை. மேடத்திலும் இடவத்திலுமாக, உன் பட்டணத்துக் கணக்கில் சித்திரை வைகாசியில், ஒன்பது கல்யாணம் எனக்குச் சொல்லி வைத்துவிட்டார், கார்டுகள் வரத் தொடங்கிவிட்டன. குற்றாலலிங்கமும் விடவில்லை, சாலை வியாபாரிகள் மாதந்தோறும் நடத்தும் சஷ்டிப் பூஜைக்கு இனி நான்தான் பாடவேண்டும் என்று எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டார். மாதம் தவறாமல் ஒரு பாட்டு என்பது இந்த வயதில் எனக்கு வாய்த்திருக்கிறது. நான் அன்று சிவதாணு கட்டிக்கொடுத்த போளிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மை என் கையைப் பார்த்தாள், பூ இல்லை, அப்போ இடம் கிடைச்சிருக்கு என்றாள். முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாளாம். பூவைக் கண்டால் ஒன்றும் கேட்காமல் காப்பி போடப் போய்விடுவது என்று அவளாகவே வைத்துக்கொண்டாளாம். இப்போது அவள் செட்டியார் கடையிலிருந்து ஒரு தமிழ்ப் பஞ்சாங்கமும் வாங்கி மலையாளப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள், ஜெயலக்ஷ்மி தன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் காலண்டரை மூன்றாவதாகத் தொங்கவிட்டிருக்கிறாள். மூன்றையும் தொட்டுப் பார்க்காமல் நான் யாருக்கும் பதில் எழுதக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சிரித்தது போதும், ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. வித்துராவில் வயலின் இல்லாமல் பாடினேன் அல்லவா, ஒவ்வொரு வரி முடிவிலும் வயலின் வாங்கித் திருப்பிச் சொல்லும் இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே என் காதில் கேட்டது அழகியநம்பியின் வில் அல்ல, மக்கா, உன்னுடையது. ஆறு வருஷம் முன்பு சதுர்த்திக் கச்சேரிக்கு நீ புது வேஷ்டி கட்டி, சுருதி கூட்டி, என்னோடு வரத் தயாராக நின்றாய். உனக்கு இன்னும் நாளாகும் என்று சொல்லி உன்னை விட்டுவிட்டு அழகியநம்பியை அழைத்துக்கொண்டு போனேன். அடுத்த மாதம் நீ பட்டணத்துக்கு ரயிலேறினாய். உன்னை முதலில் வேண்டாம் என்றது சபாவும் இல்லை, கம்பெனியும் இல்லை, நான். உனக்கு இன்னும் நாளாகும் என்று சொன்னது பொய். அந்தக் கச்சேரிக்கு முந்தின நாள் நீ பின்கட்டில் வாசித்துக்கொண்டிருந்தாய், விறகு வண்டிக்காரன் தெருவில் மாட்டை நிறுத்திவிட்டு நின்று கேட்டான். இருபது வருஷமாக நான் பாடும்போது அதே தெருவில்தான் அவன் போகிறான், ஒருநாளும் நின்றதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள் என்று பயந்தேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன், இனி நிம்மதி.

வேலைக்குச் சம்மதமா என்று கேட்டாயே, முழுச் சம்மதம், சேர்ந்தாலும் என் ஆசீர்வாதம் உண்டு, சேராவிட்டாலும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன்னால் என் விண்ணப்பம் ஒன்றையும் பார்க்கவேண்டும். மேடம் 12, சித்திரை 12, இங்கிலீஷ் ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, மூன்றும் சரிபார்த்தது, முதல் கல்யாணம், அதிலிருந்து இடவம் முடிய மற்ற எட்டும். எனக்கு வயலின் வேண்டும். நாகர்கோவிலில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள், நான் அவர்களைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்கிறேன். அப்பா என்ற அதிகாரத்தில் கேட்கவில்லை, ஒரு பாட்டுக்காரன் ஒரு வயலின்காரரைக் கேட்பதுபோல முறையாகக் கேட்கிறேன். தங்களுக்கு அந்த நாட்களில் தோது உண்டா?

எண்ணெய் தேய்த்துக் குளி, வயலினைப் பூட்டியே வைக்காதே, இந்த வெயிலுக்குக் கட்டை வெடித்துவிடும், வாசிக்காவிட்டாலும் திறந்து துடைத்து வை. நீ தீர்க்காயுசோடும் கை நிறைய வாசிப்போடும் இருக்கப் பத்மநாபசுவாமி அருள் செய்வார். பதில் எழுதும்போது தேதியை மூன்று விதமாகவும் எழுத மறக்காதே. தோது இல்லை என்றால் கூசாமல் அப்படியே எழுது, எனக்குப் பழக்கம்தான், சாலைக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வருவேன். ஆனால் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கும் உன் அம்மை ஒன்று எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: இந்தத் தடவை எனக்குப் பூ வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் பாட்டுக்காரன்,
அப்பா திரவியம்