வாளிச் சத்தம்

இருளாயி,

நல்லா இருக்கியா. உன் அண்ணன்தான் இதை வாசிச்சுக் காட்டுவார். அதனால கொஞ்சமாத்தான் எழுதறேன்.

தோட்டத்துல வேலை இல்லை. மலையை அளக்க வந்த துரைக்கு மூட்டை தூக்கிக்கிட்டுத் தாப்பா டவுனிலிருந்து ஏறினேன். மேலே மரமே இல்லாத ஒரு புல்வெளி. பனி விலகினா கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்லுதான். ஒரு சத்தம் கிடையாது.

விடியறப்போ எழுந்ததும் பழக்கத்துல "ஏ புள்ள"ன்னு கூப்பிட்டுட்டேன். ரப்பர் மரத்துல பால் வெட்டுறப்போ நான் கூப்பிட்டா, புருஷன் பேரைச் சொல்லக்கூடாதுன்னு அடுத்த நிரையிலிருந்து நீ வாளியைத் தட்டுவியே. அந்தச் சத்தம் வரும்னு நின்னுக்கிட்டே இருந்தேன். கூட வந்த ஆளுங்க சிரிச்சாங்க.

இங்கே கொசுவே இல்லை. நாம இங்கே இருந்திருந்தா பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்காது.

லயத்துல நம்ம வீட்டுல உன் சேலைத் தொட்டில் அப்படியே தொங்குது. நான் அவிழ்க்கலை.

மலையிறங்கினதும் பாகான் டத்தோவுக்கு வாரேன். உன் அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுவேன். உனக்கு இன்னும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலைன்னா வெளியே வர வேண்டாம். உள்ளே இருந்தே வாளியை ஒரு தட்டு தட்டு, போதும்.

இப்படிக்கு,
நீ பேர் சொல்லிக் கூப்பிடாதவன்