வெந்தயம் இல்லாத வீடு

மதினி,

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் காபி வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர் பான்கேக் மேல் மேப்பிள் சிரப்பை ஊற்றினார். சர்க்கரைப் பாகு காய்ச்சியது போன்ற அந்த வாசம் வந்ததும் காபியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். இங்கே என் பிள்ளை, உங்கள் மருமகன், டிரிப்ஸோடு படுத்திருக்கிறான். நேற்று பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தான். இன்று விடிந்ததும் அவன் தலையணையில் இதே வாசம்.

இது என்ன வாசம் என்று எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள். போன வருஷம் இந்த ஆலன் ஊரில், எங்கள் வீட்டில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இப்போது இதை யாரிடம் சொல்வது?

முன்பு நாங்கள் இருந்த இர்விங் ஊரில் இவன் பிறந்தபோது, இங்கே வர அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நாத்தனாரா பத்தியம் பார்ப்பது என்று ஊரில் சிரித்தார்கள். நீங்களோ ஒரு பை வெந்தயமும் கருப்பட்டியுமாக வந்து இறங்கினீர்கள். தினமும் வெந்தயக் களி. ஸ்மோக் அலாரம் அலறினால், "களி கிண்டக்கூட இந்த ஊர்ல பர்மிஷன் வாங்கணுமா?" என்று துண்டால் விசிறுவீர்கள்.

குழந்தையின் டயபரிலும் இனிப்பாக ஒரு வாசம் வந்தது. "நீ வெந்தயம் சாப்பிடுறேல்ல, பிள்ளை மேலயும் மணக்கும்," என்று அம்மா போனில் சொன்னாள். பார்க்க வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். "லக்கி பேபி, அழவே மாட்டேங்கிறானே" என்று வேறு கொஞ்சினார்கள். உண்மைதான், அவன் அழவில்லை. பாலுக்கும் எழவில்லை.

ஒரு காலை டயபர் மாற்றக் குனிந்த நீங்கள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என் கையிலிருந்த களியை வாங்கிக் குப்பையில் கொட்டினீர்கள். "இன்னைக்கு வெந்தயத்தைத் தொடாத. நாளைக்குப் பாப்போம்." ஏன் என்று கேட்டேன். அன்று முழுக்க அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் வாசம் இன்னும் கூடியிருந்தது. "தம்பி, காரை எடு," என்றீர்கள். "வெந்தயம் உடம்புலேர்ந்து போக டைம் எடுக்கும்க்கா. தர்ஸ்டே அப்பாயின்ட்மென்ட் இருக்கு," என்றார் இவர். விருதுநகரில் உங்கள் மூத்த பிள்ளை பிறந்த சில நாளிலேயே போனது எங்களுக்குத் தெரியும். அவன் எப்படி மணந்தான் என்பதை அன்றுதான் சொன்னீர்கள்.

"அவனும் இப்படித்தான் மணந்தான். களி வாசம்னு எல்லாரும் சொன்னாக. நானும் மோந்து மோந்து கொஞ்சினேன். பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான். காரை எடுடா."

புரதத்தை உடம்பு ஏற்காத பிறவி நோய், அதன் வாசம்தான் இது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "நீங்கள் இருவரும் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டதும் இவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு இவர் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அதை ரத்த சொந்தம் என்று நம்மில் யார் நினைத்தோம்? தாய்மாமனைக் கட்டிய நீங்கள்தான் குறுக்கே வந்து, "எஸ் டாக்டர். ஆல் ஒன் ஃபேமிலி. மீ ஆல்சோ," என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்ச வெந்தயத்தையெல்லாம் அள்ளிக்கொண்டீர்கள். "இனி இந்த வீட்டுல இது இருக்கக் கூடாது. வாசம் வந்தா எதுனால வருதுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது." அதற்குப் பின் என் இட்லி மாவிலும் சாம்பார்ப் பொடியிலும் வெந்தயம் கிடையாது. இவனுக்குப் பருப்பு கிடையாது, பால் கிடையாது. சோற்றையும் தராசில் நிறுத்துத்தான் வைக்கிறேன். சாதாரணச் சளி பிடித்தாலும் காதோரம் மோந்து பார்க்கிறேன்.

இன்று எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் தமிழ்க்காரர்தான். குனிந்து மோந்துவிட்டுச் சிரித்தார். "வீட்ல வெந்தயம் நிறைய யூஸ் பண்ணுவீங்களோ? அந்த ஸ்மெல்லா இருக்கலாம். பிளட் ரிசல்ட் வரட்டும், வெயிட் பண்ணுவோம்."

நான் பையிலிருந்து அவன் நோய்ச் சீட்டை எடுப்பதற்குள் கட்டிலிலிருந்து குழறிய குரல் கேட்டது.

"வி டோன்ட் ஹாவ் வெந்தயம். அத்தை செட் நோ."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் இந்த டிரிப்ஸை ஏற்றினார்கள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், பேசவில்லை. நீங்கள் சொல்லித் தந்தபடி மறுபடியும் அவன் காதோரம் குனிந்து பார்த்தேன். வாசம் குறையவில்லை, மதினி.