நான் கேட்காத பாட்டு

என் செல்ல மகளுக்கு,

நகரத்து விழாக்கள் நடக்கும் முன்பே, அழைப்பிதழைப் பார்த்துச் செய்தி எழுதிக் கொடுத்துவிடுவது இந்தப் பத்திரிகைக்காரனின் பழக்கம். உனக்குத் தெரியாததா?

நகர மன்றத்தில் நீ முதன்முதலாகப் பாட இருந்த அன்றைக்கும் அப்படித்தான். மதியமே எழுதிக் கொடுத்துவிட்டுச் சீட்டாடப் போய்விட்டேன். "இளம் பாடகியின் குரலில் அரங்கமே சொக்கிப்போனது" என்று காலையில் பேப்பரில் வந்தது.

தொண்டை கட்டிக்கொண்டு நீ மேடையேறவே இல்லை என்பது உன் அம்மா சொல்லித்தான் தெரியும். "அழுதுட்டே வாசலையே பாத்துட்டிருந்தா, நீங்க வருவீங்கன்னு" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாசகர் ஒருவர்கூடத் திருத்தம் கேட்கவில்லை. நீ மட்டும் போன் செய்தாய். "நல்லா எழுதியிருக்கீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

திட்டுவதற்காவது கூப்பிடும்மா.

இப்படிக்கு,
முன்வரிசையில் நீ பிடித்துவைத்த நாற்காலிக்கு வராத அப்பா